பத்தொன்பது உருப்படி

எனக்கு அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கும் பழக்கம் கிடையாது. என் வீடு தரைத்தளத்தில், லிஃப்டுக்கு நேர் எதிரே இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தால்தான் காற்று வரும். காற்றோடு நாலு சேதியும் சேர்ந்து வந்தால் வேண்டாம் என்றா சொல்ல முடியும்?

இரண்டாம் மாடியில் இருக்கும் மேல்வீட்டுக்காரியின் அக்காவும் அக்கா புருஷனும் ஊரிலிருந்து நாங்கள் பிழைக்க வந்த இந்த நாட்டுக்கு மோட்டார் சைக்கிளிலேயே வந்து சேர்ந்த கதையும் அப்படி வந்ததுதான். பதினொரு நாடு, நூற்று நாற்பது நாள். நானெல்லாம் படிக்கட்டு பத்து ஏறினாலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாட்டு நடப்பு யோசிக்கிறவள். அந்த அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை. கட்டடத்தில் சின்னவர் பெரியவர் எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம். இருபத்தெட்டு வருஷமாகத் தொடாமல் சேர்த்து வைத்திருந்த விடுப்பை மொத்தமாக எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார். புருஷன் மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர். மீட்டர் பார்க்கப் போன அதே வண்டியில்தான் உலகத்தையும் பார்க்கக் கிளம்பினார். வண்டிக்கு இருபத்திரண்டு வயது. மனுஷர் சாப்பிட்ட தட்டை நகர்த்தி வைக்க மாட்டார். வண்டியை மட்டும் காலையும் மாலையும் துடைப்பார். கட்டடத்தில் அவருக்கு வண்டி மாமா என்று பெயர் விழ இரண்டு நாள்கூட ஆகவில்லை.

அவர்கள் வந்து இறங்கிய அன்று கீழே கார் நிறுத்துமிடத்தில் நாங்கள் எல்லாரும் தற்செயலாக நின்றுகொண்டிருந்தோம். வண்டியைப் பார்த்தால் வண்டி மாதிரியே இல்லை, குடித்தனம் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் தகரப் பெட்டி, எண்ணெய் கேன், காற்றடிக்கும் பம்பு, பேருந்தில் இருப்பது போல ஒரு ஹாரன், சீட்டுக்கு மேலே கூடுதலாக ஒரு மெத்தை. பின்சக்கரத்தின் பக்கத்தில் சேலை கார்டு. டீச்சர் பதினொரு நாட்டிலும் புடவையில்தான் வந்திருக்கிறார். பனி பெய்த இரண்டு நாட்டில் மட்டும் புடவைக்குள்ளே புருஷனுடைய பேன்ட்டாம். இதை நானாகக் கேட்கவில்லை. "குளிரலையா டீச்சர்?" என்று மட்டும்தான் கேட்டேன்.

ஒரு மாதம் தங்கச்சி வீட்டில் இருப்பது, அதற்குள் வண்டியைக் கப்பலில் ஏற்றுவது, பிறகு இருவரும் விமானத்தில் ஊர் திரும்புவது. இதுதான் திட்டம். நல்ல திட்டம்தான். நான்காம் நாளே கெட்டது.

திங்கட்கிழமை காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. டீச்சருக்குத் தலைமை ஆசிரியை பதவி உயர்வு. உத்தரவு போட்டாயிற்று, அடுத்த திங்கட்கிழமைக்குள் நேரில் போய்ப் பொறுப்பேற்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும். டீச்சர் அடுத்த வருஷம் ஓய்வு பெறுகிறவர். அவருக்கு இனி இன்னொரு பட்டியல் கிடையாது.

மேல்வீட்டில் அன்று சர்க்கரை தீர்ந்து என்னிடம் வாங்க வந்தார்கள், அவ்வளவு கொண்டாட்டம். இதில் என்ன சிக்கல், டீச்சர் முன்னால் பறந்து போகட்டும், வண்டி மாமா இருந்து கப்பலில் ஏற்றிவிட்டு வரட்டும் என்று முடிவாயிற்று. மறுநாள் தங்கச்சி புருஷன் (இனி அவரைச் சகலை என்றே சொல்கிறேன், வண்டி மாமா அப்படித்தான் கூப்பிடுவார்) எதற்கும் கேட்டு வைப்போம் என்று சுங்க அலுவலகத்துக்குப் போனார். போன முகம் ஒன்று, திரும்பி வந்த முகம் ஒன்று.

வண்டி பதிவாகியிருப்பது வண்டி மாமாவின் பாஸ்போர்ட்டில் இல்லை. டீச்சருடையதில்.

நடந்தது இதுதான். கடைசி எல்லையில் வண்டி மாமாவுக்கு வயிறு சரியில்லை. அவர் கழிப்பறையில் இருந்த முக்கால் மணி நேரத்தில் சுங்கச் சாவடியில் ஒரு படிவத்தை நீட்டியிருக்கிறார்கள். டீச்சர் கையில் படிவம் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே என்று இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளை அதட்டியவர். வாகனத்தைக் கொண்டுவருபவர் என்று ஒரு கட்டம். அங்கே நிற்பது நான்தானே என்று தன் பெயரையே எழுதிவிட்டார். வாகனத்தோடு வரும் உபரிப் பொருட்கள் என்று இன்னொரு கட்டம். உலகத்தில் எல்லாரும் அதில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார்களாம். டீச்சர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, இடம் போதாமல் தனித்தாள் வாங்கி, வரிசை எண் போட்டு, அழகான கையெழுத்தில் பத்தொன்பது உருப்படி எழுதி, அடியில் அளவுகோல் வைத்துக் கோடும் போட்டிருக்கிறார்.

ஆக, வண்டி மாமா நாளைக்கே பறக்கலாம். தடையில்லை. வண்டி இந்த நாட்டில் இருக்கும்வரை டீச்சர்தான் வெளியே போக முடியாது. பெயர் மாற்ற ஆறு வாரம். கப்பல் மூன்று வாரம் கழித்து. விற்கலாம், கொடுக்கலாம் என்றால் பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு இங்கே குடியுரிமை கிடையாது. மிச்சம் ஒரே ஒரு வழி. சுங்க அதிகாரி முன்னிலையில் வண்டியை நசுக்கி அழித்து, அழித்ததற்கு முத்திரை வாங்கி, அதைக் காட்டிவிட்டுப் போகலாம்.

இதைக் கேட்டதும் வண்டி மாமா பால்கனிக்குப் போய்க் கீழே வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரொம்ப நேரம் நின்றார். நான் துணி காயப்போடும் நேரமாக அது அமைந்துவிட்டதால் மேலே நடந்த பேச்சு தானாகக் காதில் விழுந்தது.

"டீச்சரம்மா, இன்னும் ஒரு வருஷந்தானே சர்வீஸ் இருக்கு. ஹெச்.எம். ஆனா என்ன, ஆகாட்டி என்ன? யாரு கேக்கப் போறா?"

டீச்சர் பதில் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"ஆறு ஹெச்.எம். பார்த்துட்டேங்க. ஆறு பேருக்கும் நான்தான் எழுதிக் குடுத்தேன், அவங்க கையெழுத்துப் போட்டாங்க. ஒரு வருஷமாவது நான் எழுதினதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடணும்."

துணி காயப்போட்டு முடிந்தும் நான் அங்கேயே நின்றேன். வண்டி மாமா மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, என்னிக்கு?" என்றார்.

வெள்ளிக்கிழமை என்று முடிவாயிற்று. காலை ஒன்பதுக்கு ஊருக்கு வெளியே இருக்கும் பழைய இரும்புக் கிடங்கில் அதிகாரி வருவார். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். மாலை ஐந்தரைக்கு விமானம். இருவருக்கும் டிக்கெட்டும் போட்டாயிற்று.

புதன்கிழமையிலிருந்து கட்டடத்தில் துக்க வீட்டுக் களை வந்துவிட்டது. வேலையிலிருந்து திரும்புகிறவர்கள் ஒவ்வொருவராகக் கீழே இறங்கி வந்து, வண்டியைப் பார்த்து, வண்டி மாமாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். எப்போதிலிருந்து இப்படி இருக்கு என்று ஒருத்தர் கேட்டதாகக் கேள்வி. வியாழக்கிழமை மாலை சகலைக்கு ஒரு ஞானோதயம். "சகலை, மனுஷனே செத்தா கண்ணு, கிட்னின்னு குடுக்கறாங்க. நாமளும் குடுத்துட்டா என்ன?" என்றார். வண்டி மாமாவின் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. ஸ்பானரை எடுத்தார்.

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்பார்களே, அப்படி எங்கள் கட்டடத்துக்காரர்கள் யாரும் நடந்துகொள்ளவில்லை. ரொம்ப மரியாதையாக, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேதான் வாங்கினார்கள். முதல் மாடிப் பல் டாக்டருக்குக் கண்ணாடி இரண்டும். மூன்றாம் மாடியில் புதுசாகக் கல்யாணமான ஜோடிக்குக் கூடுதல் மெத்தை. தையற்கடைக்காரருக்கு ஹாரன். நான்காம் மாடிக்குப் பெட்டிகள், எண்ணெய் கேன், பம்பு. இன்னும் விளக்கு, கம்பி, கொக்கி என்று யார் யாருக்கோ. எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சேலை கார்டை மட்டும், அவர் மனம் நோகக் கூடாதே என்று எடுத்துக்கொண்டேன். அன்றே சமையலறைச் சுவரில் அடித்துக் கரண்டிகளை மாட்டிப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது மாதிரி பதினான்கு கரண்டி தொங்கியது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகக் கீழே வண்டியில் சக்கரமும் இஞ்சினும்தான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அந்த மிச்சத்தை ஒரு சிறு லாரியில் ஏற்றி நாலு பேரும் போனார்கள். ஒன்பதே காலுக்கு எனக்குப் போன். மேல்வீட்டுக்காரி.

"கீழ்வீட்டு அக்கா, பெரிய மோசம் போயிட்டோம். ஆபீசர் கையில அக்கா எழுதின லிஸ்ட் இருக்கு. பத்தொன்பதும் வந்தாத்தான் நசுக்குவேங்கறார்."

உள்ளே வந்தது வெளியே போக வேண்டும், அல்லது அழிய வேண்டும். நடுவில் காணாமல் போனால் கள்ள விற்பனை என்று அர்த்தம் என்றாராம் அதிகாரி. பன்னிரண்டுக்குள் வராவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளிக்கிழமை என்றால் டீச்சருக்குப் பதிலாக வேறு யாரோ அந்த நாற்காலியில் நான்கு நாளாக உட்கார்ந்திருப்பார்கள்.

"நீங்கதான் வீடு வீடாப் போய் வாங்கி எடுத்துட்டு வரணும்" என்றாள். அவள் குரல் நடுங்கியது. எனக்கும் நடுங்கியது, வேறு காரணத்துக்காக. இந்தக் கட்டடத்துக்கு வந்து ஒன்பது வருஷம். எத்தனை கதவை வாசலோடு பார்த்துத் திரும்பியிருக்கிறேன். இப்போது அரசாங்க காரியமாக ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போகச் சொல்கிறார்கள். பட்டியலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். செருப்பைப் போட்டேன்.

முதலில் பல் டாக்டர். கண்ணாடியைக் குளியலறையில் மாட்டியிருக்கிறார், கழற்றத் தெரியவில்லை என்றார். நானே உள்ளே போய்க் கழற்றினேன். தலைமுடி பரம்பரையாகவே கறுப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவரின் அலமாரியில் பரம்பரை மூன்று புட்டியில் இருந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். இனி என் பல்லுக்கு வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை என்று இருவருக்கும் புரிந்தது.

புதுமண ஜோடி அந்த மெத்தையில் யார் உட்காருவது என்று காலையிலேயே சண்டை போட்டிருந்தார்கள். நான் கேட்டதும் இருவரும் சந்தோஷமாகக் கொடுத்தார்கள். நான்காம் மாடியில் பெட்டிக்குள் ஏற்கெனவே வெங்காயம் குடியேறியிருந்தது, கொட்டிக் கவிழ்த்தேன். விளக்கு கட்டில் தலைமாட்டில் இருந்தது, கொக்கியில் குடை தொங்கியது, பம்பு மட்டும் எங்கே என்று கேட்டால் எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். கடைசியில் அது கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்தது. தூசியைப் பார்த்தால் அந்தக் கட்டிலுக்கு அடியில் கடைசியாகப் போன மனுஷி நான்தான்.

தையற்கடைக்காரர் ஹாரனைத் தன் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு துணி கொடுக்கப் போயிருந்தார். போனை எடுக்கவில்லை. தெருவில் நின்று என்ன செய்வது என்று யோசிக்கும்போதே, நாலு தெரு தள்ளி யானை பிளிறியது மாதிரி ஒரு சத்தம். அந்தத் திசையில் ஓடினேன். நான் ஓடியதைப் பார்த்துச் சிரித்தவர்கள் யார் யார் என்று குறித்து வைத்திருக்கிறேன். ஒரு திருப்பத்தில் அவர் எதிரே வந்தார். முன்னால் யாருமே இல்லாத தெருவில் அடித்துக்கொண்டு வந்தார், அந்த மனுஷருக்கு அப்படி ஒரு பூரிப்பு. "ஒரு நாள்கூட முழுசா அனுபவிக்கலையே" என்று கழற்றிக் கொடுத்தார்.

கடைசியாக என் வீடு. பதினான்கு கரண்டியையும் இறக்கினேன். கொஞ்சம் நின்றேன். பத்தொன்பதில் ஒன்று குறைந்தால் அவ்வளவு பெரிய அதிகாரிக்குத் தெரியவா போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது உண்மைதான். மூன்றாவது எண்ணில், 'சேலை கார்டு, இரும்பு, கறுப்பு வண்ணம், ஒன்று' என்று டீச்சர் எழுதியிருந்ததைப் பார்த்ததும் சுத்தியலை எடுத்தேன்.

வாடகைக் காரில் எல்லாவற்றையும் திணித்து, மெத்தையை மடியில் வைத்துக்கொண்டு கிடங்குக்குப் போய்ச் சேரும்போது மணி பத்து ஐம்பது. பரந்த திடல். ஒரு பக்கம் பழைய துவைக்கும் இயந்திரங்கள் மலை மாதிரி. இன்னொரு பக்கம் கார் கதவுகள். நடுவில் எடை மேடை, அதற்குப் பின்னால் நசுக்கும் இயந்திரம். அதிகாரி ஒல்லியாக, நெற்றி சுருக்காத ஆள். கையில் அட்டை, அட்டையில் டீச்சரின் பட்டியல். டீச்சர் அவருக்குப் பக்கத்தில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, விமான டிக்கெட்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பாவமாகத்தான் இருந்தது. தன் கையெழுத்தே தன்னை இப்படிப் பிடித்து உட்கார வைக்கும் என்று எந்த டீச்சர் நினைப்பார்?

பொருளைக் குவித்துக் காட்டினால் போதும் என்று நினைத்தோம். போதாதாம். பொருத்தப்பட்ட நிலையில் வந்தது, பொருத்தப்பட்ட நிலையில்தான் போக வேண்டும். சகலைகள் இருவரும் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்கள். கிடங்கு ஆட்கள் மூன்று பேரும் சும்மா நிற்க முடியாமல் சேர்ந்துகொண்டார்கள். ஊர் கூடித் தேர் இழுத்த மாதிரி ஆளுக்கொரு பக்கம் முடுக்கினார்கள். ஒருத்தர் நசுக்கப் போகும் வண்டிக்குச் சங்கிலியில் எண்ணெய் விட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வண்டி மாமா பளபளவென்று துடைத்தே விட்டார். நாற்பது நிமிஷத்தில் வண்டி ஊரிலிருந்து கிளம்பிய நாளைவிட அழகாக நின்றது.

அதிகாரி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். பதினெட்டு வரை டிக். பத்தொன்பதில் பேனா நின்றது.

'துடைக்கும் துணி, நீல நிறம், ஒன்று.'

எல்லாரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தோம். "இருந்துச்சு, எழுதினேன்" என்றார். அந்த நீலத்துணி துடைத்துத் துடைத்துக் கந்தலாகி, வந்த மறுநாளே வண்டி மாமா தூக்கிப்போட்டுவிட்டார். மணி பதினொன்று முப்பத்தைந்து. சகலை தன் கைக்குட்டையை நீட்டினார். அது நீலம்தான். அதிகாரியும் வாங்கக் கையை நீட்டினார். அப்போது டீச்சர், "அது அந்தத் துணி இல்லை" என்றார்.

மேல்வீட்டுக்காரி அக்காவின் கையைக் கிள்ளியதை நான் கண்ணால் பார்த்தேன். டீச்சர் அசையவில்லை. அந்தத் துணி கிழிந்து குப்பைக்குப் போய்விட்டது, இது என் தங்கை புருஷன் கைக்குட்டை, பொய் சொல்லி டிக் வாங்க மாட்டேன் என்று அதிகாரியிடம் தெளிவாகச் சொன்னார். தலைமை ஆசிரியை பதவி அந்த ஒரு கந்தலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும் அந்த அம்மாளுக்கு அந்த வீம்பு.

அதிகாரி டீச்சரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். தன் ஜாதி ஆளை வெளியூரில் கண்ட மாதிரி ஒரு பார்வை. பட்டியல் எழுதுகிற ஜாதியைச் சொல்கிறேன். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காட்டினார். பயன்பாட்டில் தேய்ந்து அழிந்தவை என்று ஒரு கட்டம். அதில் துணியை எழுதி ஒரு கையெழுத்துப் போட்டால் தீர்ந்தது.

சகலைதான் மெதுவாகக் கேட்டார், அந்தக் கட்டத்தில் வேறு எதையெல்லாம் எழுதலாம் என்று. எதை வேண்டுமானாலும் எழுதலாம், பத்தொன்பதையும்கூட எழுதியிருக்கலாம், யாரும் கேட்கவில்லையே என்றார் அதிகாரி. எனக்கு என் பதினான்கு கரண்டியும் கண்முன்னே வந்து போயின.

சரி, இனி நசுக்க வேண்டியதுதானே என்று கிடங்கு ஆட்கள் கிட்டே வந்தார்கள். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார். யார் கொண்டுவந்தவரோ அவரே வண்டியை எடை மேடை வரை ஓட்டி வந்து ஒப்படைக்க வேண்டும். கொண்டுவந்தவர் என்ற கட்டத்தில் டீச்சரின் பெயர்.

வண்டி மாமா வாயைத் திறந்தார். டீச்சருக்கு எங்கே ஓட்டத் தெரியும் என்று சொல்லத்தான் போனார். சொன்னால், அப்புறம் எல்லையைத் தாண்டி யார் ஓட்டி வந்தது என்று புதுக் கேள்வி பிறக்கும். மேல்வீட்டுக்காரி அவர் காலை நன்றாக மிதித்தாள். அவர் திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டார்.

டீச்சர் டிக்கெட்டை என் கையில் கொடுத்தார். புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். புருஷன் பக்கத்தில் போய் ரகசியமாக ஏதோ சொன்னார். ரகசியம் என்பதால் நான் இரண்டடி கிட்டே போக வேண்டியிருந்தது.

"நூத்தி நாப்பது நாளும் பின்னாடி சும்மாவா உக்காந்திருந்தேன்? உங்க கை என்ன பண்ணுது, கால் என்ன பண்ணுது எல்லாம் தெரியும். ஸ்டார்ட் மட்டும் பண்ணிக் குடுங்க."

"சைக்கிளாவது ஓட்டியிருக்கியா?"

"டிரெய்னிங் ஸ்கூலுக்குச் சைக்கிள்லதான் போனேன். நகருங்க."

வண்டி மாமா உதைத்தார். வண்டி முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது, வெட்கங்கெட்டது. டீச்சர் ஏறி உட்கார்ந்தார். முன்சீட்டில் அவரைப் பார்ப்பது என்னமோ புகைப்படத்தைத் திருப்பி மாட்டினது மாதிரி இருந்தது. ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல். நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கண்ணை மட்டும். வண்டி கிளம்பியது.

எடை மேடை நாற்பதடி தூரம். டீச்சர் அதை நோக்கி நேராகத்தான் போனார். போய், அதைத் தாண்டியும் போனார். "கிளட்ச்! கிளட்ச்சைப் பிடி!" என்று வண்டி மாமா பின்னால் ஓடினார். வண்டி துவைக்கும் இயந்திர மலைக்குப் பின்னால் மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது. மேல்வீட்டுக்காரி என் தோளைப் பிடித்தாள். மலையின் மறுபக்கத்தில் முதலில் கண்ணாடி தெரிந்தது, அப்புறம் டீச்சர். நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிக்கூட மைதானத்தில் சுற்றி வருகிற மாதிரி வந்தார். எங்களைக் கடக்கும்போது பேருந்து ஹாரனை அடித்தார். தேவையே இல்லை, நாங்கள் ஏற்கெனவே விலகித்தான் நின்றிருந்தோம்.

இரண்டாவது சுற்று. கிடங்கு ஆட்கள் விசில் அடித்தார்கள். அதிகாரி அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, டீச்சர் போகிற பக்கமெல்லாம் உடம்பைத் திருப்பிக்கொண்டிருந்தார். வண்டி மாமா ஓடுவதை நிறுத்திவிட்டார். முட்டியில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நான்கு நாளாக முகத்தை எட்டு முழத்துக்கு வைத்திருந்த மனுஷர், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"நிறுத்தத் தெரியலையா அவங்களுக்கு?" என்று சகலை கேட்டார்.

"தெரியும்யா. அவளுக்கு மனசு வரலை" என்றார் வண்டி மாமா.

மூன்றாவது சுற்றில் பதினொன்று ஐம்பதுக்கு, டீச்சர் எடை மேடையின் மஞ்சள் கோட்டில் முன்சக்கரம் சரியாக நிற்கும்படி வண்டியை நிறுத்தினார். கொண்டை அவிழ்ந்து தொங்கியது. இறங்கி, ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்து அதிகாரியின் கையில் வைத்தார். அதிகாரி ஒரு வரி எழுதினார். மேல்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துச் சொன்னாள்: 'நல்ல ஓடும் நிலையில், உரியவரே ஓட்டி வந்து ஒப்படைத்தார்.'

அப்புறம் பெட்ரோலை வடித்தார்கள், பேட்டரியைக் கழற்றினார்கள், வண்டியைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். இயந்திரம் இறங்கியபோது நான் வண்டி மாமாவைப் பார்த்தேன். விழுந்து புரளுவார், தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று தயாராகத்தான் நின்றேன். அந்த மனுஷர் இயந்திரத்தின் பக்கம் திரும்பவே இல்லை. டீச்சரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ டீச்சரம்மா, ரெண்டாவது கியருக்கு எப்ப மாத்தின?"

"அந்த வாஷிங் மெஷினுக்குப் பின்னாடி வரப்ப."

"சத்தமே வரலையே. நான் மாத்தினாலே கடக்குனு ஒரு சத்தம் வரும்."

"நீங்க காலால மிதிக்கிறீங்க. நான் மாத்தினேன்."

பின்னால் இருபத்திரண்டு வயது வண்டி எண்ணெய் டின் அளவுக்கு ஆகி வெளியே வந்து விழுந்தது. என்னையும் சகலையையும் தவிர யாரும் அதைப் பார்க்கவில்லை. என் சேலை கார்டு எந்த மடிப்பில் போயிற்றோ. அதிகாரி பாஸ்போர்ட்டைத் திறந்து, டீச்சரின் பெயருக்குப் பக்கத்திலேயே 'அழிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தினார்.

விமான நிலையத்துக்கு நான் போக வேண்டிய அவசியம் இல்லை. காரில் ஓர் இடம் இருந்தது, போனேன். வழியெல்லாம் புருஷனும் பெண்டாட்டியும் கியரைப் பற்றியே பேசினார்கள். எந்தத் திருப்பத்தில் எந்த நாட்டில் அவர் தப்பாக மாற்றினார் என்று டீச்சர் ஒவ்வொன்றாகச் சொன்னார். நூற்று நாற்பது நாளும் மனசில் வைத்திருந்திருக்கிறார். வண்டி மாமா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். வெளியேறும் வரிசையில் அவரை உடனே விட்டுவிட்டார்கள். டீச்சரின் பாஸ்போர்ட் பக்கத்தைப் பார்த்தவர் முகத்தையும் முத்திரையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். டீச்சர் கைகளை முன்னால் நீட்டி, வலது மணிக்கட்டை முறுக்கிக் காட்டி ஏதோ விளக்கினார். அந்த ஆள் சிரித்தார். டீச்சர் உள்ளே போய்விட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் மேல்வீட்டுக்காரி லிஃப்டிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே விஷயத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். டீச்சர் எட்டரைக்கே போய்ப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டாயிற்று. ஒன்பதரைக்கு மணி அடித்ததும், தாமதமாக வருகிற யாராக இருந்தாலும் சரி என்று பள்ளிக்கூடத்தின் கேட்டைப் பூட்டச் சொல்லிவிட்டாராம். வெளியே மாட்டிக்கொண்டவர்கள் மொத்தம் பதினொரு பேர். அதில் நான்கு பேர், புது ஹெச்.எம்.முக்கு வாழ்த்துச் சொல்லப் பூச்செண்டோடு வந்த ஆசிரியர் சங்கத்துக்காரர்கள். பத்து நிமிஷம் வெயிலில் நின்றுவிட்டு, பூச்செண்டை இரும்புக் கேட்டின் கம்பி வழியாக உள்ளே நீட்டினார்களாம். அதிலும் பாதிப் பூ கம்பியில் மாட்டி உதிர்ந்துவிட்டதாம்.